வில் படாத தந்தி

லீயன் பண்ணை, தெலமார்க்
4 பிப்ரவரி 1968

அன்புத் தங்கை சிக்னேவுக்கு அக்கா ரன்வெய் எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. வார்டோவின் கடற்காற்றில் உன் நெஞ்சுச் சளி கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா?

முதலில் நல்ல செய்திகள். பேத்தி லிவ் நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள். முப்பத்தொரு பெண்களில் நான்காவது. கட்டுப் போடுவதில் அவள்தான் முதல். பேரன் அஸ்லாக்குக்குத் தபால் பஸ் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது. இருபத்திரண்டு வயதில்! தொப்பியில் பித்தளைச் சின்னம். தினமும் மூன்று மணிக்கு நம் வாசலில்தான் பஸ்ஸைத் திருப்புகிறான். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகளைப் பார் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. நீ சொல்லலாம். அதற்குத்தான் எழுதுகிறேன்.

மருமகள் தூரீத்தின் கெட்டிக்காரத்தனம் தனி. ஈஸ்டருக்குப் பனிச்சறுக்க வருகிறவர்களுக்காகப் பெரிய வீட்டை விடுதியாக்குகிறாள். பழைய சாமான் எதையும் எறிய விடுவதில்லை. ஜெபவீட்டை மூடியபோது காலால் மிதிக்கும் அந்தப் பெரிய ஹார்மோனியம் நம்மிடம் வந்ததல்லவா? துருத்தி கிழிந்து, அதில் ஒரு சுரம்கூட வராது. இப்போது அதுதான் வரவேற்பு மேசை. குமிழை இழுத்தால் அறைச்சாவி வருகிறது! ஓட்டை அக்கார்டியனின் மடிப்புக்குள் பல்பு வைத்து விளக்காக்கிவிட்டாள். வருகிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள்.

சுவருக்கு ஒன்று வேண்டும் என்றாள். என் தம்பி, உன் அண்ணன் ஐவினின் பிடிலைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டேன். மேல் பலகை உள்ளே அமுங்கிவிட்டது. மேல் தந்தி நான்கும் எப்போதோ போய்விட்டன. இனி யாரும் வாசிக்க முடியாது. வயிற்றில் கடிகாரம் பதிக்கப் போகிறாளாம். நல்லதுதானே.

உன் பேத்திகளின் படம் அனுப்பு.

உன் அக்கா
ரன்வெய்

*

வார்டோ
26 பிப்ரவரி 1968

அக்காவுக்கு சிக்னே.

சளி இருக்கிறது, நானும் இருக்கிறேன். உன் முழங்காலுக்கு மீன் எண்ணெய் தடவு. லிவ்வுக்கு என் முத்தம். அஸ்லாக்கின் தொப்பிச் சின்னம் இங்கே வரைக்கும் மின்னுகிறது.

பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், அண்ணனுக்கு நான்கு வரி. நான் கல்யாணமாகி வடக்கே புறப்பட்டபோது அந்தப் பிடிலை உன்னிடம் கேட்டேன். "பரண்லயே கெடக்கட்டும்டி, அதத் தொடாத" என்றாய். இப்போது ஓட்டைக் கெட்டிலைப் போல எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

மேல் தந்தி போனால் போகட்டும். அடித்தந்தி நான்கும் இருக்கின்றனவா? வில் படாத தந்திகள். யாரும் தொடாமலே, சுதி சேர்ந்த குரல் கேட்டால் தானாக முனகுமே. எங்கள் விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? ஐவின் முற்றத்தில் நின்று மலைக்கூவல் கூவுவான். கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி. நான் உள்ளே பிடிலில் காதை வைத்திருப்பேன். அது முனகியதும் ஜன்னலைத் திறந்து, "கேட்டுடுச்சு! வாண்ணா!" என்று கத்துவேன். அதற்கப்புறம்தான் உள்ளே வருவான்.

அதற்குள் கடிகாரம் ஓடக் கூடாது. எனக்கு அனுப்பு. தபால் கப்பலில் போட்டால் ஒரு வாரத்தில் வந்துவிடும். அந்த நவம்பரில், போதகர் வீட்டில் வேலைக்கு இருந்த என்னைப் பார்க்க மலை தாண்டி வந்தவனை, "அக்கா தனியா மாடுங்களோட இருக்கா, நீ இன்னிக்கே கெளம்பு" என்று அனுப்பியவள் நான். வானம் கறுத்திருந்ததையும் பார்த்தேன். பனி உருகிய மே மாதம் மேய்ச்சல் குடிசைக்கும் மேலே, நடு மலையில் அவன் உடலை எடுத்தீர்கள். அவனுடைய சாமான் ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும்.

சிக்னே

*

லீயன்
24 மார்ச் 1968

அன்புள்ள சிக்னே,

எல்லோரும் நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தாமதத்துக்கு முழங்காலே காரணம். மீன் எண்ணெய் தடவினேன். பூனைதான் சந்தோஷப்பட்டது.

பிடில் தச்சரிடம் போய்விட்டது. இனித் திரும்பக் கேட்டால் தூரீத்தின் முகம் வாடிவிடும். கடிகாரம் பதித்தால் பலகை பிளக்கும் என்று தச்சர் சொன்னதால், அப்படியே மாட்டப் போகிறார்கள். லிவ் சுற்றிலும் பூ வரைந்து தருவாள். உன் ஊர் ஈரத்தில் மூன்று மாதம்கூட அது தாங்காது.

போகச் சொன்னதைப் பற்றி எழுதாதே. பழசைக் கிளறி என்ன ஆகப் போகிறது? நீ அப்போது சின்னப் பெண்.

ரன்வெய்

சிக்னே பாட்டிக்கு அஸ்லாக் வணக்கம். உறையில் முகவரி எழுதப் பாட்டி என்னிடம்தான் தருவார். காகிதத்தின் பின்பக்கம் சும்மா கிடக்கிறது. ஒரு வேடிக்கை கேளுங்கள். பிடிலுக்குள் இரண்டு கைப்பிடி கம்பளி இருந்தது! ஒலித்துளை வழியாகக் குச்சியால் குத்திக் குத்தித் திணித்த மாதிரி. தச்சர் கொக்கி போட்டு இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பாட்டியிடம் காட்டினேன். "எலி வேல. அடுப்புல போடு" என்றார். நிறம் அழகாக இருந்ததால் கொஞ்சம் ஒளித்துவைத்தேன். இதோடு ஒரு துளி வருகிறது. உங்கள் ஊர் மீன்களைத் தூண்டிலில் ஏமாற்ற ஆகுமா?

*

வார்டோ
9 ஏப்ரல் 1968

அக்காவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். இங்கே எல்லோரும் நலம்.

அஸ்லாக் அனுப்பிய கம்பளி மேசைமேல் இருக்கிறது. இதை எனக்குத் தெரியும். மஞ்சளில் பச்சைத் திட்டு. 1921 இலையுதிர்காலத்தில் நான் பிர்ச் இலை போட்டுச் சாயம் காய்ச்சினேன். செப்புப் பானையை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்ததால் இரும்புப் பானையில் காய்ச்சிக் கெடுத்துவிட்டேன். அம்மா, "இத யாருடி போட்டுக்குவா, தவளையா?" என்றாள். ஐவின், "நான் போட்டுக்கறேன், கையுறை பின்னிக் குடு" என்றான். அதற்கு முன்னும் பின்னும் அந்த நிறம் நம் வீட்டில் வரவில்லை. நூற்றுத் தரச் சொல்லி, கூடையோடு உன் இராட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் போதகர் வீட்டுக்குப் போனேன். அப்போது அக்டோபர் கடைசி.

எலி குச்சி பிடிக்குமா அக்கா?

பிடிலின் வாயை அடைத்தது யார்? எதற்காக?

சிக்னே

*

லீயன்
20 மே 1968

அன்புள்ள சிக்னே,

நாங்கள் நலம். உன் சளி வசந்தம் வந்ததும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஈஸ்டருக்கு இருபத்திரண்டு விருந்தாளிகள்! பழுப்புப் பாலாடைக்கட்டி வெட்டி வெட்டி என் கை ஓய்ந்துவிட்டது. மே பதினேழாம் தேதி, தேசிய தினத்தன்று, அஸ்லாக் பஸ் முழுக்க பிர்ச் கிளை கட்டி ஊர்வலத்தில் முதலாவதாக ஓட்டினான். லிவ் புது நர்ஸ் உடுப்பில் வந்து நின்றாள். டாக்டரே தொப்பியை எடுத்து வணக்கம் சொன்னார், கேட்டாயா?

பிடிலை ஹார்மோனியத்துக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகு என்கிறார்கள். நான் அந்தக் கூடத்தில் உட்காருவதில்லை. அங்கே குளிர்கிறது.

கம்பளி பற்றிக் கேட்டாய். எனக்கு ஞாபகம் இல்லை. எழுபது வயதாகிறது.

ரன்வெய்

*

வார்டோ
3 ஜூன் 1968

அக்கா,

முப்பத்தொரு பெண்களில் நான்காவது என்பது ஞாபகம் இருக்கிறது. உன் ஞாபகத்துக்கு ஒன்றும் கேடில்லை.

மே மாதத்தில் கூடத்தில் என்ன குளிர்?

உடம்பைப் பார்த்துக்கொள். நான் காத்திருக்கிறேன்.

சிக்னே

*

லீயன்
21 ஜூலை 1968

சிக்னே பாட்டிக்கு,

அஸ்லாக் எழுதுகிறேன். நலமா? இங்கே ரன்வெய் பாட்டிக்கு உடம்பில் நோய் ஒன்றும் இல்லை என்று லிவ் சொல்கிறாள். ஆனால் சாப்பாடு இறங்குவதில்லை. உங்களிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. பாட்டிக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

கம்பளியை எடுத்த பிறகு அந்தப் பிடில் முனகுகிறது. எல்லோருக்கும் இல்லை. அம்மா எவ்வளவு கத்தினாலும் சும்மா இருக்கிறது. ஒரு ஜெர்மன்காரர் அதன் கீழே நின்று அரைமணி நேரம் பாடிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. நான் பஸ்ஸைத் திருப்பிவிட்டு முற்றத்திலிருந்து, "ஹோ-ஓ-ஓய்! பாட்டி! காபி ஆச்சா?" என்று வழக்கம்போல் கூவினால், உள்ளே அது "ம்ம்ம்" என்று நீளமாகப் பதில் சொல்கிறது. விருந்தாளிகள் கைதட்டுகிறார்கள்.

முதல் தடவை கேட்டபோது பாட்டி கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒரே பிடிவாதம்.

"தூரீத், அந்தக் கம்பிய வெட்டிப் போடு."

"என்ன அத்தை நீங்க! ஜனங்க அதுக்குத்தானே வர்றாங்க. டென்மார்க் அம்மா ஒருத்தங்க அதுக்கு தினம் காலை வணக்கம் சொல்றாங்க!"

"வெட்டுன்னா வெட்டு!"

போன வாரம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கூவிக்கொண்டே உள்ளே வருகிறேன், பாட்டி நாற்காலிமேல் ஏறி நிற்கிறார். கையில் ஆட்டுமயிர் வெட்டும் கத்தரிக்கோல். ஓடிப்போய்ப் பிடித்து இறக்கினேன். "என்ன பாட்டி, சர்க்கஸ்ல சேரப் போறீங்களா?" என்றேன். சிரிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கதவத் தெறடா, கதவத் தெற" என்றார்.

கதவு திறந்துதான் இருந்தது. நான் அது வழியாகத்தான் வந்தேன்.

அம்மா இப்போது சரி, தந்தியை வெட்டிவிடலாம் என்கிறார். உங்களைக் கேட்காமல் வெட்ட வேண்டாம் என்று நான் தடுத்து வைத்திருக்கிறேன். அது உங்கள் அண்ணனுடையதாயிற்றே.

அஸ்லாக்

*

லீயன்
15 செப்டம்பர் 1968

சிக்னே,

நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள். அஸ்லாக் உனக்கு எழுதியதை என்னிடம் சொல்லிவிட்டான். இந்தக் கடிதத்துக்கு நானே முகவரி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் தபால்காரர் மன்னிக்கட்டும்.

நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் சந்தைக்குப் போயிருந்தார்கள். ஐவின் ஞாயிறுதான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதனால் ஜன்னலில் விளக்கு வைக்கவில்லை. பகல் இரண்டரை மணிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நான் உன் கம்பளியை நூற்றுக்கொண்டிருந்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் நான் ஜெபவீட்டில் மனம் திரும்பினேன். உனக்கு அந்தப் பிரசங்கியாரை ஞாபகம் இருக்கும். "பிடிலுக்குள்ள பிசாசு தூங்குது. நீங்க ஜெபிக்க ஆரம்பிச்சாத்தான் அது முழிச்சுக்கும். தானா பேசும். அன்னிக்கு நீங்க யாருன்னு தெரியும்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஐவின் எனக்காக வாசிப்பதை நிறுத்தியிருந்தான். பிடில் மட்டும் சுவரில் தொங்கியது.

அது முனகியது, சிக்னே. ஆள் இல்லாத வீட்டில். காற்றின் இரைச்சலில் என் காதில் வேறு எதுவும் விழவில்லை. உங்கள் விளையாட்டு எனக்குத் தெரியாதா? தெரியும். நான் எழுந்து கதவுத் தாழ்ப்பாளில் கைகூட வைத்துவிட்டேன். அவன் ஞாயிறுதானே வருவான் என்று ஒரு மனசு. இது சோதனை, திறந்தால் தோற்றாய் என்று அதே மனசு. திரும்பி வந்து முழங்காலில் நின்று சத்தமாக ஜெபித்தேன். மறுபடி முனகியது. மூன்றாம் தடவை நான் பிடிலை இறக்கி, கூடையில் இருந்த கம்பளியை அதன் துளைக்குள் திணித்தேன். நூற்புக் குச்சியால் குத்தினேன். பலகை அன்றுதான் அமுங்கியது.

அப்புறம் அது அடங்கிவிட்டது. கம்பளியால் அடங்கியதா, அவன் கூவுவதை நிறுத்திவிட்டானா, எது முதலில் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மே மாதம் அவனை மேய்ச்சல் குடிசைக்கு மேலே எடுக்கவில்லை. எல்லோரும் மலையைத் தேடினார்கள். அவன் நம் புல் கொட்டகையின் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கூரையிலிருந்து சரிந்த பனி மூடியிருந்தது. வாசலிலிருந்து நூற்றுப்பத்துத் தப்படி. எண்ணிப் பார்த்திருக்கிறேன். அப்பா, "மேல எடுத்தோம்னு சொல்லு. இவ்வளவு கிட்டன்னு தெரிஞ்சா உங்கம்மா உசுர விட்டுடுவா" என்றார். பிடில் விஷயம் அப்பாவுக்கும் தெரியாது.

நீ அடக்கத்துக்கு வந்து, "நான்தான் போகச் சொன்னேன், நான்தான் போகச் சொன்னேன்" என்று என் மடியில் விழுந்து அழுதாய். நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அவ்வளவுதான் செய்தேன்.

தந்தியை வெட்டலாமா, வேண்டாமா என்று நீ சொல்.

ரன்வெய்

*

வார்டோ
18 நவம்பர் 1968

ரன்வெய்,

மூன்று தடவை எழுதி அடுப்பில் போட்டேன். இன்று அந்தத் தேதி. இதையாவது தபாலில் போட்டுவிட வேண்டும்.

நாற்பத்தேழு வருஷமாக நான் அவனை நடு மலையில் தனியாக விட்டுவைத்திருந்தேன். ஒவ்வொரு பனிப்புயலிலும் மனசால் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இவ்வளவு தூரம் வடக்கே வந்து குடியேறியது எதற்கு என்று நினைத்தாய்? அவன் அங்கே இல்லவே இல்லை. நான் வீட்டுக்குப் போ என்றேன். அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான். பனியில் வழி தவறாமல், கொட்டகை வரைக்கும். அவன் காலைக் குறை சொல்ல முடியாது. நான் அனுப்பியதையும் இனி குறை சொல்ல முடியாது.

கதவைத் திறக்காததற்கு உன்னை ஒன்றும் சொல்ல மாட்டேன். உனக்கு இருபத்துமூன்று வயது. அந்தப் பிரசங்கியாருக்குப் பயப்படாத பெண் அந்தப் பள்ளத்தாக்கில் யார் இருந்தாள்? என் தலையைத் தடவினாயே. அதற்குத்தான் எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை.

தந்தியை வெட்டக் கூடாது. பிடிலை எனக்கும் அனுப்ப வேண்டாம். அது எப்போது முனகினாலும், யார் குரலாக இருந்தாலும், நீ எழுந்து போய்க் கதவைத் திற. திறந்தே கிடந்தாலும் போய் நில். முழங்கால் கதை சொல்லாதே.

சிக்னே

*

லீயன்
8 டிசம்பர் 1968

அன்புத் தங்கை சிக்னேவுக்கு,

நீ என் நலம் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். சளி எப்படி இருக்கிறது? உன் வீட்டில் விறகு போதுமான அளவு இருக்கிறதா?

லிவ்வுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. அஸ்லாக்குக்குக் குளிர்கால வழித்தடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். இதுவரை ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. இதையெல்லாம் எழுதாமல் என்னால் இருக்க முடியாது. பொறுத்துக்கொள்.

என் நாற்காலியைப் பிடிலுக்குக் கீழே போட்டுக்கொண்டேன். அது முனகும்போதெல்லாம் போய்த் திறக்கிறேன். அஸ்லாக்குக்குத் தினமும். அவனுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்று தொப்பியை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். மறுநாளிலிருந்து கூவிவிட்டு முற்றத்திலேயே நிற்கிறான். தொப்பியில் பனி விழ விழ, நான் வந்து திறக்கும்வரை உள்ளே வருவதில்லை. மற்றபடி ஒரு மரவியாபாரிக்குத் திறந்தேன். தொண்டை கட்டிய ஒரு சுவீடன்காரருக்குத் திறந்தேன். பக்கத்துப் பண்ணை நாய்க்கும் திறந்தேன். தூரீத், "அத்தை, நீங்க இப்படித் தெறந்து தெறந்து மூடினா கூடம் எப்படிச் சூடாகும்? விறக உங்க தங்கச்சியா அனுப்புவாங்க?" என்கிறாள். சொல்லட்டும்.

செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. பகல் இரண்டரை மணி, பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் வர இன்னும் அரைமணி இருந்தது. விடுதியில் யாரும் இல்லை. அது முனகியது. போய்த் திறந்தேன். முற்றத்தில் ஆள் இல்லை, தடமும் இல்லை. ஆனாலும் அங்கேயே நின்று நூற்றுப்பத்து வரை எண்ணினேன், கொட்டகையிலிருந்து நடந்து வருகிறவனுக்கு வேண்டிய நேரம். பிறகு, நீ ஜன்னலிலிருந்து கத்துவாயே, அதைச் சொன்னேன். "கேட்டுடுச்சு. உள்ள வாப்பா." கதவைக் கொஞ்ச நேரம் விரியத் திறந்து வைத்தேன். கூடத்துக்குள் பனி வந்து விழுந்தது. நானே துடைத்தேன்.

பேத்திகளின் படம் நிறைய இருக்கிறது, போதும். உன் படம் புதிதாக ஒன்று எடுத்து அனுப்பு. கல்யாணப் படத்தில்கூட நீ தலையைக் குனிந்துதான் நிற்கிறாய். அவன் வீடு வந்து சேர்ந்தது தெரிந்த பிறகு உன் முகம் எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம். என் மேல் கோபமாக இருந்தால் கோபமாகவே இரு, தலையை மட்டும் நிமிர்த்திக்கொள். உறையில் என் பெயரைப் பெரிதாக எழுதித் தபாலில் போடு. கொண்டு வருகிறவன் அஸ்லாக்தான். அவன் கூவியதும் நான் போய்க் கதவைத் திறந்து வாங்கிக்கொள்வேன்.

உன் அக்கா
ரன்வெய்